படத்தின் மேல் விழுந்த இன்டு

போன வாரம் ஒரு டீச்சர் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கையில் பென் டிரைவ். ஆறாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாள், நாற்பது காப்பி வேண்டும் என்றார். திறந்து பார்த்தேன். மூன்றாவது கேள்வியில் பூவின் பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தது. கீழே ஒரு வெறும் கட்டம், அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு இன்டு.

"பூவையே காணோமே. வீட்ல நல்லாதாங்க தெரிஞ்சது," என்றார் டீச்சர்.

"பூ உங்க வீட்டு லேப்டாப்லயே இருக்குது டீச்சர். இந்த ஃபைல்ல அதோட அட்ரஸ் மட்டும்தான் வந்திருக்குது."

அவருக்குப் புரியவில்லை. சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். எனக்கு யாராவது அப்படி இரண்டு நொடி சேர்ந்தாற்போல் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளரை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தேன். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, கணவரிடம் சத்தமாக வழி சொல்ல ஆரம்பித்தார். பேசிக்கொண்டே கைப்பையை மேஜை மேல் வைத்தார். புதுப் பை, தோல் பை.

அதிலிருந்து வந்த வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தோல் வாசனை என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வது வேறு. அது ஊற வைத்த பச்சைத் தோலின் நாற்றம். நான் சொல்வது எல்லாம் முடிந்த பிறகு தோலின் மேல் கடைசியாக அடிக்கிற லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சின் வாசனை. நெயில் பாலீஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி, கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் போய் உட்காரும். ஏழு வருடம் நான் அதைத்தான் மூச்சாக விட்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, குடியாத்தத்தில் ஒரு மாடி அறையில் மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி வேன் வந்து எங்கள் தெரு முனையில் நிற்கும். தையல் லைனுக்குப் போகிற பெண்கள் முப்பது பேர், நடுவில் ஆபீஸுக்குப் போகிற நான் ஒருத்தி. பேச்சுக்குப் பயந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தையல் ஷெட்டுக்கு உள்ளேயே ஒரு கண்ணாடி அறை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று ஜன்னலே வைக்கவில்லை. பக்கத்தில் லாக்கர் அடிக்கிற இடம். கதவு எப்போதும் மூடியிருந்தாலும் வாசனைக்குக் கதவெல்லாம் தெரியாது. மூன்று பக்கமும் கண்ணாடி. கூச்ச சுபாவம் உள்ள ஒருத்தியைத் தண்டிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. நான் தும்மினால் இருநூறு பேர் பார்ப்பார்கள். அவர்கள் சிரித்தால் எதற்கென்று எனக்குக் கேட்காது.

என் வேலை ஸ்பெக் ஷீட் தயார் செய்வது. ஒவ்வொரு ஷூ மாடலுக்கும் ஒரு ஃபைல். மேலே முழு ஷூவின் படம். கீழே அதன் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பக்கத்தில் அளவு, நிறம், நூலின் நம்பர். அதைப் பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு லைனில் மாட்டிவிடுவார்கள். தைக்கிறவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். எழுத்தை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. எல்லாம் ஆங்கிலம் வேறு.

சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பு கலீல் பாய். ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. தோலைத் தொட்டே அது ஆட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு விரலால் காற்றில் காட்டுவார். ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது அவருடைய முழங்கை பட்டு திரையின் வியூ மாறிவிட்டது. எழுத்து மட்டும் இருக்கிறது, படங்கள் ஒன்றுமில்லை.

"இன்னாம்மா இது, அத்தனையும் ஓடிப்போச்சு. நான் ஒண்ணும் பண்ணலை, அல்லா மேல ஆணையா."

மெனுவில் போய் பழைய வியூவுக்கு மாற்றினேன். படங்கள் திரும்ப வந்தன. அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், "இந்தப் பொண்ணுக்குக் கை ராசி" என்கிற பேச்சு. இன்னொரு நாள் படங்கள் எல்லாம் தலைமுடி அளவுக்குக் கீற்றாகத் தெரிந்தன. வரிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை யாரோ கெட்டியாகப் பூட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதைத் தளர்த்தினேன், ஷூ முழுசாக எழுந்து நின்றது. அதற்குப் பிறகு கம்பெனிக்கு எந்தப் புது மிஷின் வந்தாலும் முதலில் என்னைக் கூப்பிட்டு அதன் மேல் கை வைக்கச் சொன்னார் கலீல் பாய். தையல் மிஷினுக்குக்கூட. லைனே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். நான் காது வரை சூடாகி, ஏதோ அடுப்பைத் தொடுவது போலத் தொட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

லைனிலிருந்து என் அறைக்குள் தைரியமாக வருகிற ஒரே ஆள் ஜெயந்திக்கா. இரண்டாவது லைனுக்கு சூப்பர்வைசர். மேஜையில் நூல் வெட்டுகிற கையாளாகச் சேர்ந்து ஒன்பது வருடத்தில் நீல கோட்டு வாங்கியவர். சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான் அந்தக் கோட்டு. வேனிலிருந்து இறங்கும்போதே மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்.

"இன்னாடி கண்ணாடிப் பொட்டி, உள்ள காத்து வருதா?" என்பார். "ஏசின்றாங்க, வெளிய இருக்கற எங்களுக்கே பரவால்ல போல. வெளிய வாடி கொஞ்சம், கூண்டுல கெடக்கற கோழியாட்டம்."

"வேல இருக்குதுக்கா."

"இருக்கும், இருக்கும். எங்க மாமியா இந்தக் கோட்டைத் தன் கையால துவைக்கறா, தெரியுமா? என் பொடவையத் தொடமாட்டா. கோட்டை மட்டும் துவைப்பா. தெருவுக்கே காட்டி கொடியில காயப் போடுவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது எனக்கே புரிந்தது.

இப்போது என்னுடைய திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஆப்பரேட்டர் போகிறபோது ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். படத்தை ஃபைலுக்குள் போட்டால் ஃபைல் வீங்கிவிடும், மிஷின் நின்றுவிடும், அதனால் லிங்க் மட்டும் கொடு என்று. அப்படியென்றால் படம் என் மிஷினுக்குள் ஒரு இடத்தில் இருக்கும். ஃபைல், எல்லோரும் திறக்கிற பொது இடத்தில் இருக்கும். என் மிஷினில் திறந்தால் படம் தெரியும். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவின் மிஷினில் திறந்தால் வெறும் கட்டமும் இன்டும்தான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. கலீல் பாய் அதைத் தன் கண்ணால் பார்த்ததில்லை; அங்கே படம் வராது என்று கேள்விப்பட்டதோடு அதையும் கை ராசியில் சேர்த்துவிட்டார்.

ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லிங்க்ஸ் என்று ஒன்று. அதற்குள் ஒரு சின்னக் கட்டம், படத்தை ஃபைலிலேயே சேமிக்கவா என்று கேட்டது. டிக் செய்தேன். சேமித்தேன். டெஸ்பாட்சுக்கு நடந்துபோய் அந்த ஃபைலைத் திறந்தேன். படம் பளிச்சென்று இருந்தது. மிஷினும் நிற்கவில்லை. அதற்குள் மிஷின்கள் எல்லாம் புதிதாகிவிட்டிருந்தன. பழைய பயம் மட்டும்தான் மிச்சம்.

சந்தோஷமாகக் கலீல் பாயிடம் சொல்லப் போனேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "டிகிரி படிச்ச பொண்ணா? வரச் சொல்லுங்க, பாக்கலாம். ஆனா எங்க பொண்ணு மிஷின்லதான் படம் வரும், அது ஒண்ணு இருக்குது."

நான் திரும்பி நடந்தேன். என் அறைக்கு வந்து, கதவை மூடி, அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

டிகிரிப் பெண் வந்தாள், டெஸ்பாட்சில் உட்கார்ந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் மிஷினில் படம் வரவில்லை. என் நாற்காலி தப்பித்தது.

ஆறு மாதம் கழித்து என்னைப் பெண் பார்க்க வருவதாக அம்மா சொன்னார். ஒருநாள் லீவு போட்டேன். சேர்ந்து இரண்டு வருடத்தில் முதல் லீவு. அன்றைக்குப் பார்த்து ஒரு புது மாடல் இரண்டாவது லைனுக்கு வந்தது. பக்கவாட்டில் பக்கிளோடு ஒரு வார் வைத்த ஷூ. ஷீட் நான் முந்தின நாளே முடித்துப் பொது இடத்தில் வைத்திருந்தேன். நான் இல்லாததால் டெஸ்பாட்ச் மிஷினில் பிரின்ட் எடுத்தார்கள். அந்த மாடலின் மற்ற படங்களை, லிங்க் வழி வருவதற்கு முந்தைய ஒரு பழைய ஷீட்டிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தேன்; அவை ஃபைலுக்குள்ளேயே இருந்ததால் வந்துவிட்டன. வாரின் படம் மட்டும் புதிது, லிங்க் கொடுத்தது. அந்த இடத்தில் கட்டமும் இன்டும் விழுந்தன. கறுப்பு மையில்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு மாடலில் ஏதாவது ஒரு பாகம் வேண்டாம் என்றால், கலீல் பாய் புது ஷீட் கேட்கமாட்டார். அந்தப் பாகத்தின் படத்தின் மேல் பேனாவால் ஒரு இன்டு போட்டுவிடுவார். லைனில் எல்லோருக்கும் அது தெரியும். இன்டு இருந்தால் அதைத் தைக்க வேண்டாம்.

ஜெயந்திக்கா ஷீட்டைப் பார்த்தார். வாருக்கு இன்டு. சரி, வார் இல்லாத மாடல் என்று லைனை ஓட்டினார். சாயங்காலத்துக்குள் முன்னூறு ஜோடிக்கு மேல்தோல் தைத்து முடித்துவிட்டார்கள். வாரை மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் வைத்துத் தைக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை மூடாது.

மறுநாள் காலை என் அறையில்தான் விசாரணை. புரொடக்‌ஷன் மேனேஜர், கலீல் பாய், ஜெயந்திக்கா. நான் பிரின்டருக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றேன். கண்ணாடிக்கு வெளியே இரண்டாவது லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே ஓரக்கண்ணால் எங்களையே பார்த்தது.

"யார் போட்டது இந்த இன்டு?" என்று மேனேஜர் கேட்டார்.

"நான் போடலை சார். என் பேனா நீலம், இது கறுப்பு," என்றார் கலீல் பாய்.

"அப்ப கம்ப்யூட்டரே போட்டுச்சா? கம்ப்யூட்டருக்கு வார் புடிக்கலையாமா?"

"ஷீட்டே அப்படித்தான் சார் வந்தது," என்றார் ஜெயந்திக்கா.

மேனேஜர் என்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வாரின் படம் அழகாக, பக்கிள் மின்ன, திரையில் வந்து நின்றது. கலீல் பாய், "இவ மிஷின்ல நல்லாத்தான இருக்குது," என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"பக்கத்துல எழுத்துல ஸ்ட்ராப்னு போட்டிருக்குதே. வெளிநாட்டுக்காரங்க ஓகே பண்ணி சீல் வெச்ச சாம்பிள் ஷூ பீரோவுல இருக்குதே. எடுத்துப் பாத்தியா?" மேனேஜர் ஜெயந்திக்கா பக்கம் திரும்பினார், குரலை உயர்த்தவில்லை.

"இல்ல சார். படத்துல இன்டு இருந்தது."

சொல்லிவிட்டு ஜெயந்திக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சலாக இல்லை. உனக்குத் தெரியுமே, சொல்லேன் என்பது போல. அவருக்கு எதுவும் தெரியாது. என்றாலும் கம்ப்யூட்டரைப் பற்றி அந்த அறையில் ஏதாவது சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். படம் வராத மிஷினில் அப்படித்தான் இன்டு விழும், ஒரு டிக் போட்டிருந்தால் விழுந்திருக்காது, எனக்கு அது ஆறு மாதமாகத் தெரியும். மூன்று சின்ன வாக்கியம். பிரின்டரில் தாள் நேராக இருந்தது, அதை இன்னும் நேராக்கினேன்.

அன்று மத்தியானம் ஜெயந்திக்கா கோட்டைக் கழற்றி மடித்து என் மேஜை மேல்தான் வைத்தார். ஸ்டோருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். "கண்ணாடிப் பொட்டி" என்று கூப்பிடவில்லை. இரண்டு வாரம் பழைய மேஜையில் நூல் வெட்டினார். பிறகு வேனில் அவர் இடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு உத்தரவு வந்தது. ஸ்பெக் ஷீட் என் மிஷினிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். நான் இல்லாத நாளில் புது மாடல் லைனுக்குப் போகக் கூடாது. புது மாடல் தினமும் வந்தது. எனவே நான் தினமும் இருக்க வேண்டும். என் நாற்காலி யாருக்கும் போகக் கூடாது என்று நினைத்தேன், அது நடந்துவிட்டது. நானும் அதை விட்டு எங்கும் போக முடியவில்லை.

பெண் பார்த்தவர்கள் மறுபடி ஒருநாள் வருகிறோம் என்றார்கள். லீவு கிடைக்கவில்லை. "கலெக்டருக்குக்கூட லீவு உண்டாமே" என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சலில் அரிசிக் கஞ்சி டப்பாவோடு போனேன். அண்ணன் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது நான் அந்த அறையில் இருந்தேன். தினமும் டிக் போட்டுவிடலாம் என்று நினைப்பேன். போட்டால் எல்லோர் மிஷினிலும் படம் வரும். வந்தால், இதை ஏன் முன்னாடியே செய்யவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் ஜெயந்திக்கா கோட்டு என் மேஜை மேல் வந்து உட்காரும். அதனால் அந்த மெனுவின் பக்கம் மவுஸைக்கூடக் கொண்டு போகாமல் இருந்தேன். மத்தியான நேரங்களில் லாக்கர் வாசனை கனத்துவரும்போது, கதவு பூட்டியிருக்கிறதோ என்று எழுந்துபோய்க் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பேன். பூட்டியிருக்காது. திரும்பி வந்து உட்காருவேன்.

கடைசியில் ஆம்பூரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரோடு கல்யாணம் நிச்சயமானது. கம்பெனிக்குத் தாள் கொண்டுவந்து போடுகிறவர். நான் லீவு கேட்காமலே என்னைப் பார்த்துவிட்ட ஒரே மாப்பிள்ளை. வேலையை விடுகிறேன் என்று கலீல் பாயிடம் சொன்னேன்.

"நல்ல விசயம். ஆனா நீ போய்ட்டா படம்?"

ஒரு மாதம் கேட்டேன். அந்த ஒரு மாதமும் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து டிக் போட்டேன். டிக், சேமி, மூடு. ஐந்து வருடம் என்னைப் பிடித்துவைத்திருந்தது ஒவ்வொரு ஃபைலுக்கும் நாலு நொடிதான் எடுத்தது. கடைசி நாள் கலீல் பாயை டெஸ்பாட்சுக்குக் கூட்டிப்போய் நாலைந்து ஃபைலைத் திறந்து காட்டினேன். எல்லாப் படமும் இருந்தது. அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எப்போலேந்து தெரியும் உனக்கு?"

"இப்பத்தான் பாய்."

"ம்," என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "சரி, நல்லாரு," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒருமுறைகூடக் கை ராசிக்காரி என்று சொன்னதாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

இதெல்லாம் எவ்வளவோ காலத்துக்கு முந்தியது. கம்பெனி கைமாறி, ஷிஃப்ட் குறைந்து, ஒருநாள் மூடியே விட்டார்கள். வேன்கள் நின்றன. ஷெட்டை இடித்துவிட்டு அங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். கலீல் பாய் மகனோடு பெங்களூர் போய், அங்கேயே இறந்துபோனார். மேனேஜர் எங்கே என்று தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். இரண்டாவது லைனில் இருந்த ஒருத்தியின் மகளுக்கு. ஜெயந்திக்கா வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போனேன். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன். தலை நரைத்து, உடம்பு பெருத்து, ஆனால் அதே நடை. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"அடிப்பாவி, நீயா? வெளிய வந்துட்டியா?" என்று சிரித்தார்.

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். டிக்கைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதம் முன்னாலேயே தெரியும் என்பதையும் விடவில்லை.

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

"ஒரு டிக்கா?"

"ஒரு டிக்குதான்கா."

"அப்போ படத்துல நெசமாவே இன்டு இருந்தது."

"இருந்ததுக்கா."

"நான் கண்ணு மங்கிப்போய்ப் பாத்தேன்னே நெனச்சிக்கினு இருந்தேன்டி இத்தினி நாளா. கண்ணாசுபத்திரிக்கெல்லாம் போய் வந்தேன்." முந்தானையை இடுப்பில் செருகினார். "எங்க மாமியா இருக்கும்போது வந்து சொல்லியிருக்கக் கூடாதா? சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. ரெண்டு கண்ணு இருந்து இன்னா பிரயோஜனம், படம் பாக்கத் தெரியாதவளுக்குன்னு. போற வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவா."

"எப்பக்கா போனாங்க?"

"ஆவுது நாலு வருசம்."

எங்களுக்குப் பின்னால் கை கழுவ நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். ஜெயந்திக்கா ஒதுங்கி வழிவிட்டார். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், அவருடைய ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று. செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு போனார்.

அவர் வீடு எந்தத் தெரு என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அந்த வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கிழவி இப்போது இல்லை.